கூட்டுக்கும் சட்டம் உண்டு: வாசகர் கேள்வி–பதில்

செப்டம்பர் பிறந்ததும் பிரான்ஸ் நாட்டின் பகுதியான நம் ரியூனியன் தீவின் பறவைகளுக்குக் கூடு கட்டும் காலம் தொடங்கிவிடுகிறது. எங்கள் தபால் பையிலும் அதன் அடையாளம் தெரிகிறது. வழக்கமாக வாடகை ஒப்பந்தம், வாரிசுப் பங்கு, எல்லைச் சுவர் என்று கேட்கும் வாசகர்கள் இம்முறை பருந்தையும் குருவியையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதச் சட்டப் பகுதி முழுவதையும் பறவைகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. சிலருடைய கேள்வி வழக்கில் முடியக்கூடியது என்பதால் அதுவே நல்லது.

கேள்வி: எங்கள் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருக்கிறது. மகா மண்டபத்து உத்தரத்தின் மேல் கரும்பழுப்பு நிறக் குருவிகள் ஐந்தாறு கூடுகள் வைத்திருக்கின்றன. எச்சம் விழுந்து தரை கெடுகிறது. வண்ணம் பூச வந்தவர்கள், கூடுகளை எடுத்தால்தான் வேலை நடக்கும் என்கிறார்கள். முட்டையோ குஞ்சோ இருப்பதாகத் தெரியவில்லை. கும்பாபிஷேகத்துக்கு முன் அவற்றை அகற்றிவிடலாமா ஐயா? (கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர், சேன் ஆந்த்ரே)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இங்கே ‘இரோந்தெல் த பூர்போன்’ என்று அழைக்கப்படும் தகைவிலான் குருவி. ரியூனியன், மொரீஷியஸ், மடகாஸ்கர் ஆகிய தீவுகளுக்கே உரிய பறவை அது. பாறை விளிம்பு, பாலத்தின் அடிப்பகுதி, கட்டடத்தின் உத்தரம் போன்ற இடங்களில் குச்சியும் சருகும் சேர்த்துக் கிண்ணம்போல் கூடு அமைக்கும். உங்கள் மண்டபம் அதற்கு ஒரு பாறைக் குகையாகத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டத்தின் நிலை தெளிவானது. பிரெஞ்சு நாட்டின் 1976-ஆம் ஆண்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து பிறந்து, இன்று சுற்றுச்சூழல் சட்டத் தொகுப்பில் எல் 411-1 என்ற எண்ணுடன் இருக்கும் பிரிவு, பாதுகாக்கப்பட்ட இனங்களைப் பொறுத்து எவையெவை செய்யக்கூடாதவை என்று வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசை தொடங்குவதே முட்டையையும் கூட்டையும் அழிப்பது, எடுப்பது என்ற சொற்களில்தான். பறவையைக் கொல்வதும் பிடிப்பதும் அதற்குப் பின்னரே வருகின்றன. எந்தெந்த இனங்களுக்கு இது பொருந்தும் என்பதை ரியூனியனுக்கென்றே 1989 பெப்ரவரி 17 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை சொல்கிறது. உங்கள் தகைவிலான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மீறினால் எல் 415-3 பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1,50,000 யூரோ வரை அபராதமும் விதிக்க இடம் உண்டு. இது உச்ச வரம்புதான் என்றாலும், எளிதாக எண்ணிவிடக்கூடிய வரம்பு அல்ல.

முட்டை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் செய்யும் தவறு இதில்தான் தொடங்குகிறது. சட்டம் ‘முட்டை உள்ள கூடு’ என்று சொல்லவில்லை; ‘கூடு’ என்றே சொல்கிறது. ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும் பறவைக்குக் காலியாக இருக்கும் கூடும் வீடுதான். ஊருக்குப் போயிருக்கும் குடும்பத்தின் வீட்டைப் பூட்டியிருக்கிறது என்பதற்காக நாம் இடித்துவிடுவதில்லை அல்லவா?

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. எல் 411-2 பிரிவின்படி, தீவில் அரசின் பிரதிநிதியான பிரெஃபே அவர்கள் அனுமதி அளிக்கலாம். விண்ணப்பம் தெயால் எனப்படும் சுற்றுச்சூழல் இயக்குநரகத்தின் வழியாகப் போக வேண்டும். ஆனால் மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறியாக வேண்டும்: வேறு திருப்தியான வழி இருக்கக்கூடாது, அந்த இனத்தின் நிலைமைக்குக் கேடு வரக்கூடாது, பொதுமக்களின் உடல்நலம், பாதுகாப்பு, பயிருக்குப் பெரும் சேதம், ஆய்வு போன்று சட்டம் ஏற்கும் காரணம் ஒன்று இருக்க வேண்டும். மண்டபத்தின் அழகு அந்தக் காரணங்களுள் ஒன்றாக எழுதப்படவில்லை. வேறு வழி இல்லை என்று நீங்கள் வாதாடவும் முடியாது. ஏனென்றால் வழி இருக்கிறது.

கோபுரத்தையும் திருச்சுற்றையும் முதலில் முடித்துவிட்டு, மண்டபத்து உத்தரத்தைக் கடைசியில், குஞ்சுகள் பறந்துபோன பின் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கூட்டைத் தொடாமல் அதைச் சுற்றித்தான் வண்ணம் பூச வேண்டும். எச்சத்துக்குக் கூட்டிலிருந்து இரண்டு சாண் கீழே ஒரு பலகையைப் பொருத்திவிட்டால் போதும். வாரம் ஒரு முறை துடைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பழங்கோயில்களின் கோபுரங்களில் பொம்மைக்குப் பொம்மை இடுக்கில் புறாவும் கிளியும் குடியிருப்பதை யாத்திரை சென்றவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதனால் அங்கே எந்தக் கும்பாபிஷேகமும் நின்றுபோனதில்லை.

கேள்வி: எங்கள் கொல்லையில் உள்ள இரண்டு தென்னைகளின் ஓலைகளை மஞ்சள் குருவிகள் நாராகக் கிழித்து முப்பதுக்கும் மேற்பட்ட கூடுகளைத் தொங்கவிட்டிருக்கின்றன. மரம் மொட்டையாகி வருகிறது. துலூஸ் நகரில் இருக்கும் என் மருமகன், ஐரோப்பாவில் காட்டுப் பறவை எதுவானாலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு, கை வைக்காதீர்கள் மாமா என்று எச்சரிக்கிறார். அவர் சொல்வது சரியா? (சேன் பெனுவா வாசகர்)

பதில்: துலூஸில் சரி, சேன் பெனுவாவில் சரியில்லை. ஐரோப்பியப் பறவைகள் நெறிமுறை முதலில் 1979-இல் இயற்றப்பட்டு 2009-இல் தொகுக்கப்பட்டது. உறுப்பு நாடுகளின் ஐரோப்பிய நிலப்பரப்பில் இயல்பாக வாழும் காட்டுப் பறவைகள் அனைத்தையும் அது பொதுவாகக் காக்கிறது. ஐரோப்பிய நிலப்பரப்பு என்ற அந்த ஒரு சொல்லால் ரியூனியன் வெளியே நின்றுவிடுகிறது. யூரோவைச் செலவழிக்கிறோம், ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறோம், ஆனால் அந்த நெறிமுறை நம் தீவின் பறவைகளுக்குப் பொருந்தாது. நமக்கு உள்ள காப்பு பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பும் 1989-ஆம் ஆண்டுப் பட்டியலும்தான். பட்டியலில் பெயர் இருந்தால் முழுப் பாதுகாப்பு. இல்லாவிட்டால் எல் 411-1 பிரிவின் பாதுகாப்பு இல்லை. எனவே கூடு பற்றிய எந்தக் கேள்விக்கும் முதல் எதிர்க்கேள்வி ‘எந்தப் பறவை?’ என்பதாகவே இருக்கும்.

உங்கள் மஞ்சள் குருவியைத் தீவின் கிரியோல் மொழியில் ‘பெலியே’ என்கிறோம். தமிழ்நாட்டில் பனையிலும் ஈச்சையிலும் கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவிக்கு அது நெருங்கிய உறவு; ஆனால் வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனிதர் கையால் இங்கே வந்து பரவிய இனம் என்பதால் பாதுகாப்புப் பட்டியலில் அதற்கு இடமில்லை. வெட்டுக்கிளியை ஒழிப்பதற்காக 18-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட மைனாவுக்கும் அப்படித்தான். நம் முன்னோர்களுள் பெரும்பாலோருக்கு முன்பே கடல் கடந்துவந்த அந்த மைனா இன்றும் சட்டத்தின் கண்ணில் அயலார்தான் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஆகவே பெலியே கூடுகளை நீங்கள் அகற்றலாம். ஆனால் சில எல்லைகள் உண்டு. அதே மரத்தில் வேறு உள்நாட்டுப் பறவையின் கூடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். விஷம் வைக்காதீர்கள், அதைத் தின்பது பெலியே மட்டுமாக இருக்காது. துப்பாக்கி எடுப்பதானால் வேட்டை உரிமம், வேட்டைக் காலம், குடியிருப்புப் பகுதியில் சுடுவதற்கான தடை என்று வேறொரு சட்ட மூட்டை அவிழும். தண்டனைச் சட்டத்தின் 521-1 பிரிவு பிராணி வதையைத் தண்டிக்கிறது. வீட்டில் வளர்ப்பவை, பழக்கப்பட்டவை, பிடித்து அடைக்கப்பட்டவை ஆகிய மூன்று வகைக்கு மட்டுமே அது பொருந்தும். மரத்தில் சுதந்திரமாக இருக்கும் குருவிக்குப் பொருந்தாது. ஆனால் பிடித்துக் கூண்டில் போட்ட அந்தக் கணமே குருவி அடைக்கப்பட்ட பிராணி ஆகிவிடுகிறது. அதன் பிறகு அதைத் துன்புறுத்தினால் 3 ஆண்டு சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை போகலாம்.

குஞ்சுகள் இருக்கும் கூட்டை வெட்ட வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. சட்டம் அவ்வாறு கட்டளையிடவில்லை. ஆண் பறவை கட்டத் தொடங்கி, பெண் பறவை இன்னும் ஏற்காத பச்சைக் கூடுகளை அவ்வப்போது அறுத்துவிட்டாலே கூட்டம் வேறு மரம் தேடிப் போக வாய்ப்பு உண்டு.

கேள்வி: சலாசியில் நான்கு தலைமுறையாகக் கோழி வளர்க்கும் குடும்பம் எங்களுடையது. இந்த ஆண்டு பப்பாங்க் பருந்து எட்டுக் குஞ்சுகளைத் தூக்கிவிட்டது. எங்கள் தாத்தா காலத்தில் சுட்டுவிடுவார்கள். இப்போது அதற்கும் வழக்கா? என் சொத்தைக் காக்க எனக்கு உரிமை இல்லையா? அதன் கூடு எங்கள் நிலத்தின் மேற்பகுதியில், பெரணிப் புதருக்குள் தரையில் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். (சலாசி வாசகர்)

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் இந்தப் பகுதியில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: சுடாதீர்கள், கூட்டைத் தொடாதீர்கள், கூடு இருக்கும் புதரை இந்தப் பருவத்தில் வெட்டாதீர்கள்.

பப்பாங்க் என்பது பூனைப்பருந்து வகையைச் சேர்ந்தது. ஆணுக்குக் கருப்பும் வெள்ளையும், பெண்ணுக்குப் பழுப்பும் நிறம். இத்தீவில் கூடு கட்டி வாழும் ஒரே வேட்டைப் பறவை அதுதான்; உலகில் வேறெங்கும் அது இனப்பெருக்கம் செய்வதில்லை. அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று உலக அளவில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பறவையைக் கொன்றதாகப் பிடிபடுபவர், எட்டுக் குஞ்சுகளின் விலையை நீதிபதியின் முன் வைத்து வாதாடினால் வெற்றி கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. தண்டனை மேலே சொன்ன அதே 3 ஆண்டு, அதே 1,50,000 யூரோ வரம்புதான்.

சொத்துரிமையைப் பற்றிக் கேட்டீர்கள். நிலம் உங்களுடையது, நிலத்தில் உள்ள கூடு உங்களுடையது அல்ல. பட்டியலில் உள்ள பறவை யாருடைய தோட்டத்தில் கூடு வைத்தாலும், அந்த இடத்தின் உரிமையாளருக்கும் மற்றவர்களுக்கு உள்ள அதே தடைதான். கூடு இருப்பது தெரியாமல் புதரை வெட்டியவரின் நிலைமை வேறு. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், எங்களுக்கு எழுதியும் விட்டீர்கள். இனி ‘தெரியாது’ என்று சொல்ல வழியில்லை. (கவலை வேண்டாம், கடிதம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.)

குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள்தான் ஆபத்து அதிகம். அந்தக் காலத்தில் மேலே வலை போட்ட அடைப்புக்குள் வைத்திருங்கள். திறந்த வெளியில் விடும்போது வாழை நிழலோ அடர்ந்த செடியோ பக்கத்தில் இருக்கட்டும். எலி மருந்து விஷயத்திலும் கவனம் தேவை. இரத்தம் உறையாமல் செய்யும் எலி மருந்தைத் தின்று தள்ளாடும் எலியைத்தான் பருந்து எளிதில் பிடிக்கும். அதைத் தின்ற பருந்தும் மெல்ல மெல்லச் சாகும். கரும்புத் தோட்டத்திலும் தானியக் கிடங்கிலும் எலியைப் பிடித்துத் தின்னும் பறவையை எலி மருந்தால் இழப்பது நஷ்டக் கணக்கு. மருந்து வைத்தே ஆக வேண்டுமென்றால் மூடிய பெட்டியில் வையுங்கள், செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கிப் புதையுங்கள்.

கேள்வி: ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டுக்கு எங்கள் சங்கம் மைதானத்தில் பெரிய விளக்குகள் போட்டு இரவு நிகழ்ச்சி நடத்துவது வழக்கம். சென்ற முறை கறுப்பும் வெள்ளையுமான கடற்பறவை ஒன்று மேடைக்கு அருகில் விழுந்தது. பிள்ளைகள் எடுத்துச் சோறு ஊட்டப் பார்த்தார்கள். விளக்குப் போட்டதற்காகச் சங்கத்தின் மீது வழக்கு வருமா? பறவையை வீட்டுக்கு எடுத்துச் சென்றது குற்றமா? (சங்கச் செயலாளர், சேன் லூயி)

பதில்: விழுந்தது பெரும்பாலும் பெத்ரெல் த பரோவாக இருக்கும். பித்தோன் தெ நேழ், கிராங் பெனார் மலைகளில் 2,000 மீட்டருக்கும் மேலே, செங்குத்தான சரிவுகளில் வளை தோண்டி முட்டையிடும் அந்தக் கடற்பறவையும் இந்தத் தீவில் மட்டுமே கூடு வைக்கிறது. அறிவியல் உலகம் அதற்குப் பெயர் சூட்டியதே 1964-இல்தான். வளையில் வளர்ந்த இளம் பறவை ஏப்ரல் மாதத்து இரவொன்றில் முதன்முறையாக வெளியே வந்து நேராகக் கடலை நோக்கிப் பறக்கிறது. வழியில் சேன் லூயியின் தெருவிளக்கும் மைதான விளக்கும் அதை மயக்கிவிடுகின்றன. விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்து களைத்துத் தரையில் விழுகிறது. சமதரையிலிருந்து மீண்டும் எழும்பத் திணறுகிறது. மீதியை நாயும் பூனையும் வண்டிச் சக்கரமும் பார்த்துக்கொள்கின்றன. நம் புத்தாண்டு விழுவதும் சரியாக அதே நாட்களில்தான்.

விளக்கைப் போட்டதற்காகப் பறவையைக் கொன்ற வழக்கு உங்கள் மீது வரும் என்று நான் கருதவில்லை. இனத்தைத் தொந்தரவு செய்தல் என்பதைச் சட்டம் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லோடு சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் விளக்குக்கு என்று தனி ஒழுங்குமுறை இருக்கிறது. 2018 டிசம்பர் 27-ஆம் நாள் ஆணை வெளிப்புற ஒளியின் அளவு, திசை, அணைக்க வேண்டிய நேரம் ஆகியவற்றை வகுக்கிறது. கட்டடங்களை அழகுக்காக ஒளியூட்டும் விளக்குகள் பின்னிரவு 1 மணிக்கு அணைந்தாக வேண்டும் என்பது அதில் ஒன்று. கோயில் கோபுரத்துக்கு இரவு முழுவதும் ஒளி பாய்ச்சும் நிர்வாகங்கள் இந்த வரியை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

சட்டத்தைத் தாண்டி, 2009 முதல் ஆண்டுதோறும் ‘விளக்கில்லா இரவுகள்’ என்ற இயக்கம் இங்கே நடக்கிறது. பல ஊராட்சிகள் பெத்ரெல் பறந்துபோகும் நாட்களில் தெருவிளக்குகளை அணைத்தோ குறைத்தோ வைக்கின்றன. உங்கள் நிகழ்ச்சியை மாலையிலேயே தொடங்கி முன்னிரவில் முடித்துவிட முடியுமா என்று சங்கத்தில் பேசிப் பாருங்கள். முடியாவிட்டால் விளக்குகள் மேல்நோக்கி இல்லாமல் தரையை மட்டும் பார்க்கும்படி கட்டச் சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மைதான விளக்கை அணைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். 2020-இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி கிராமத்தில் தெருவிளக்கின் பொத்தான் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு வைத்ததற்காக, ஊரே ஒரு மாதத்துக்கு மேல் விளக்கில்லாமல் இருந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். நாம் கேட்பது சில மணி நேரம்தான்.

பறவையை எடுத்தது குறித்து: பாதுகாக்கப்பட்ட பறவையை வைத்திருப்பதும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதும் சொல்லளவில் எல் 411-1 தடை செய்யும் செயல்களே. ஆனால் காப்பாற்றி உரியவர்களிடம் ஒப்படைப்பவரைக் குற்றவாளியாக்குவது அதன் நோக்கம் அல்ல. செய்ய வேண்டியது இதுதான்: மேலே ஒரு துண்டைப் போட்டு மெல்ல எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டும் அமைதியுமான இடத்தில் விடுங்கள். சோறு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். உடனே செயோர் என்னும் ரியூனியன் பறவையியல் கழகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். அடிபட்ட காட்டுப் பறவைகளைப் பராமரிக்க அவர்களுக்கு அனுமதி உண்டு. அவர்கள் சொல்வதற்கு முன் நீங்களாகவே கடலில் கொண்டுபோய் வீச வேண்டாம். பிள்ளைகள் ஆசையாக இரண்டு நாள் வைத்திருந்தார்கள் என்பது பறவைக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

கேள்வி: மொரீஷியஸின் போர்ட் லூயியில் இருக்கும் என் தாய்மாமன், மகளின் பிறந்த நாளுக்கு மீசையில் சிவப்புள்ள கொண்டைக்குருவி ஜோடி ஒன்றைக் கூண்டோடு கொண்டுவருவதாகச் சொல்கிறார். அங்கே அது தோட்டமெங்கும் இருக்கும் பறவைதானே? (சேன் பியேர் வாசகி)

பதில்: மாமாவிடம் வளையல் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தச் செம்மீசைக் கொண்டைக்குருவி இங்கே நுழைந்தது 1972-இல், அதுவும் மொரீஷியஸிலிருந்துதான். இன்று தீவு முழுவதும் பரவி, பழத்தோட்டங்களைக் கெடுப்பதோடு, காட்டை மூடும் அயல் முட்புதர்களின் விதைகளையும் சுமந்துபோய் விதைக்கிறது. அயல் இனங்களைக் கொண்டுவருவதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்தும் எல் 411-5, எல் 411-6 பிரிவுகளை மீறினாலும் தண்டனை எல் 415-3 பிரிவின்கீழேதான். கூடு கலைப்பவரையும் அயல் பறவையைக் கொண்டுவருபவரையும் சட்டம் ஒரே இடத்தில் நிறுத்துகிறது.

மொரீஷியஸ் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே உள்ளூர்ப் பறவைகளைக் காப்பது 2015-ஆம் ஆண்டின் உள்நாட்டு நிலவாழ் பல்லுயிர் மற்றும் தேசியப் பூங்காச் சட்டம். நம் பட்டியலும் ஆணையும் அங்கே செல்லாது. மொரீஷியஸ் வல்லூறு 1974-இல் காட்டில் வெறும் 4 என்ற எண்ணிக்கைக்கு வந்துவிட்டது. கூடுகளைக் காவல் காத்தும், முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்தும், கூட்டுப்பெட்டி வைத்தும்தான் அதை மீட்டார்கள். முட்டையை எடுப்பது ஒருவர் கையில் குற்றமாகவும் அனுமதி பெற்ற இன்னொருவர் கையில் மருத்துவமாகவும் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கேள்வி: பலாப் பாலைக் காய்ச்சிப் பசையாக்கி, கிளையில் தடவி ‘மேர்ல் பேயி’ பிடிப்பது எங்கள் குடும்பத்தில் பரம்பரை வழக்கம். எண்பது வயதான என் தந்தையாரிடம் இப்போதும் கூண்டில் ஒன்று இருக்கிறது. அவரைப் போய் யார் கேட்கப் போகிறார்கள்? பரம்பரை வழக்கத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லையா? (சேன் ஜோசஃப் வாசகர்)

பதில்: இடம் இல்லை. மேர்ல் பேயி இத்தீவுக்கே உரிய கொண்டைக்குருவி இனம். மேலே சொன்ன செம்மீசைக் கொண்டைக்குருவியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் தடை செய்யப்பட்டவை. 1989-க்கு முன் தாத்தா பிடித்தவற்றைப் பற்றி இன்று யாரும் வழக்குத் தொடர முடியாது. ஆனால் இன்று கூண்டில் இருக்கும் பறவை இன்றைய குற்றம். கூண்டுக் கதவு மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் அது தொடர்கிறது. வயதைப் பார்த்து நீதிமன்றம் இரக்கம் காட்டலாம். குற்றம் இல்லை என்று சொல்லாது.

பசை வேறு ஒரு கேடு. கிளை பறவையின் இனத்தைப் பார்ப்பதில்லை. ஸ்வாசோ ப்ளாங், தெக்-தெக் என்று வந்து உட்கார்ந்ததெல்லாம் ஒட்டிக்கொள்ளும். இத்தீவில் ‘உய்ப்’ என்று ஒரு கொண்டை வைத்த பறவை இருந்தது. எளிதில் பிடிபடும் அந்தப் பறவையைக் கூண்டிலும் வளர்த்தார்கள், அடித்தும் தின்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அதைக் கண்டவர் இல்லை. இப்போது அருங்காட்சியகங்களில் பாடம் செய்த உடல்கள்தான் இருக்கின்றன.

என் இளமையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு கூண்டு தொங்கியது. ஆகவே உங்கள் தந்தையாரைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. செயோர் அமைப்பையோ ஓ.எஃப்.பி எனப்படும் பல்லுயிர் அலுவலகத்தையோ நீங்களாகவே அழைத்து, ஒப்படைக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். நெடுநாள் கூண்டில் இருந்த பறவைக்குச் சிறகின் பலம் குறைந்திருக்கும். கதவைத் திறந்து பறக்கவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அதிகாரி கதவைத் தட்டிய பின் ஒப்படைப்பதற்கும், முன்பே அழைத்து ஒப்படைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீதிமன்றங்கள் அறியும்.

கேள்வி: தைப்பூசக் காவடிக்கு மயில் தோகை தேவைப்படுகிறது. சென்னையிலிருந்து பெட்டியில் கொண்டுவரலாமா? (லெ போர் வாசகர்)

பதில்: கூடாது. 1963 முதல் இந்தியாவின் தேசியப் பறவையான மயிலுக்கு அந்நாட்டின் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உயர்ந்த பாதுகாப்பை அளிக்கிறது. தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்கவும் வாங்கவும் மட்டும் விலக்கு உண்டு. நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லத் தடை. கடைக்காரர் ரசீது கொடுத்தாலும் விமான நிலையத்தில் அது செல்லாது. இங்கேயே பண்ணையில் வளர்க்கப்படும் மயில்கள் ஆண்டுக்கு ஒரு முறை தோகை உதிர்க்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நண்பர்களுடன் எரிமலைக் குழம்பு ஓடிய பழைய சுரங்கம் ஒன்றுக்குள் போனோம். கூரையில் சிறு கூடுகள். விளக்கடித்துப் படமெடுத்தோம். எதையும் தொடவில்லை. இதிலும் தவறு உண்டா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், சேன் பிலிப்)

பதில்: தம்பி, கேட்டதற்குப் பாராட்டு. அவை சலங்கான் என்னும் சிறிய உழவாரக் குருவியின் கூடுகள். கும்மிருட்டில் ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கும் பறவை அது. பாசியையும் கற்பாசியையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு செய்கிறது. கிழக்காசியாவில் அதன் உறவினங்களின் கூட்டைச் சூப்பாகக் குடிக்கிறார்கள் என்பதால் எடுக்கும் ஆசை சிலருக்கு உண்டு. எடுத்தால் முழுக் குற்றம். படம் எடுப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கும் வரி அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் கூடு இருப்பது தெரிந்தே கூட்டமாக நுழைந்து, விளக்கடித்துப் பறவைகளைக் கலைத்தால் ‘வேண்டுமென்றே தொந்தரவு செய்தல்’ என்ற சொற்களுக்குள் வந்துவிட முடியும். ஒரு முறை தெரியாமல் போனது அதில் சேராது. இனி அந்தச் சுரங்கத்தின் இருப்பிடத்தை இணையத்தில் போடாதே.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக மாணவர்கள் கீழே விழுந்த பறவைக் கூடுகளைச் சேகரித்து வருகிறார்கள். காலிக் கூடுகள்தான். வகுப்பில் வைக்கலாமா ஐயா? (தமிழ் ஆசிரியை, லெ தாம்போன்)

பதில்: எந்தப் பறவையின் கூடு என்று தெரியாதவரை வைக்காதீர்கள் அம்மா. தரையில் கிடந்தது என்று இன்று சொல்லும் மாணவன், நாளை பாராட்டு வாங்குவதற்காக மரத்தில் ஏறமாட்டான் என்பதற்கு உறுதி இல்லை. ஸ்வாசோ ப்ளாங், ஸ்வாசோ லா வியர்ஜ் போன்ற உள்நாட்டுப் பறவைகளின் கூட்டை எடுப்பது காலியாக இருந்தாலும் தடைக்குள் வரும். சேர்த்தவற்றைப் படமெடுத்துக்கொண்டு, மாணவர்களோடு போய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்; அதுவே ஒரு நல்ல பாடவேளையாக அமையும்.

கண்காட்சிக்குக் கூடு வேண்டுமானால் பெலியே கூட்டை வையுங்கள். பின்னல் வேலைக்கு அதை மிஞ்சிய கூடு இத்தீவில் இல்லை. சேன் பெனுவா வாசகரின் இரண்டு தென்னைகளில் முப்பதுக்கும் மேல் தொங்குகின்றன. அவர் சம்மதித்தால் உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பி வைக்கிறோம்.